அந்த மேசை வாடகையில் சேருமா?

சென்ற ஆண்டு, நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். விலைகளைச் சேகரிக்கும் முறை இப்போது முழுவதும் மாறிவிட்டதாம். சூப்பர்மார்க்கெட் காசு இயந்திரங்களிலிருந்து விலைகள் நேராகக் கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றனவாம். கடை கடையாக நடந்து விலை எழுதிய பழைய ஆட்களில் மிஞ்சியிருப்பவர்கள் சிலர்தான், புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் கால் மணி நேரம் பேசுவீர்களா என்று கேட்டாள். போனேன். பிஸ்கற் பெட்டி இளைத்த கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "நீங்கள் எழுதியதில் மிகவும் கஷ்டமான விலை எது?" என்று கேட்டாள். "வாடகை" என்றேன். ஏன் என்று கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

நேரம் ஆகியிருக்கவில்லை. சொல்லத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அந்தக் கதையில் உள்ளவர்களில் பலர் இப்போது இல்லை. ஆகவே எழுதுகிறேன். ஆனால் பெயர்கள் எதுவும் உண்மைப் பெயர்கள் அல்ல. தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். எந்தப் புறநகர் என்று சொல்லப்போவதில்லை. ஏன் இந்த எச்சரிக்கை என்பது வாசித்துப் போகும்போது புரியும்.

நானும் என் கணவர் சிவபாதமும் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அவர் ஊரில் நில அளவையாளர். இங்கே அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்வதற்கு மேலும் இரண்டு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் கார் ரயர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் கணித ஆசிரியை. இங்கே பாடசாலைகளில் என்னை எடுக்கவில்லை. பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: கடைகளுக்குச் சென்று விலை பதியத் தற்காலிக அலுவலர்கள் தேவை, நிறைய நடக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். நடப்பதற்கு இந்த நாட்டில் பரீட்சை கேட்க மாட்டார்கள் என்று சிவபாதம் பகிடி பண்ணினார். விண்ணப்பித்தேன், கிடைத்தது.

பயிற்சி பத்து நாள். இரண்டு விடயங்களைத் தலையில் ஏற்றினார்கள். முதலாவது, ஒவ்வொரு தடவையும் அதே கடை, அதே பொருள், அதே அளவு. ஆட்டுக்கால் என்றால் அதே வெட்டு. வெதுப்பிய பாண் என்றால் அதே நிறை. இரண்டாவது, இரகசியம். கடைக்காரரோ வீட்டுக்காரரோ எங்களுக்குச் சொன்னதை வேறு எவருக்கும் சொல்லக்கூடாது. வரித் திணைக்களத்துக்குச் சொல்லக்கூடாது, பொலிசுக்குச் சொல்லக்கூடாது, கட்டிய புருசனுக்கும் சொல்லக்கூடாது. ஒருவரிடம் போனோமா இல்லையா என்பதைக்கூடச் சொல்லக்கூடாது. மீறினால் தண்டம், சிறை. அதற்கு ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள்.

சாமான் விலைகள் பேய் பிடித்ததுபோல ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் கொண்டுவரும் விலைகளிலிருந்து வாழ்க்கைச் செலவு எவ்வளவு கூடியது என்று காலாண்டுக்கு ஒருமுறை ஓர் எண் வெளிவரும். அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கச் சம்பளம் தீர்மானமாகும். அந்த எண்ணில் அரைப் புள்ளி குறைந்தால் ரயர் தொழிற்சாலையில் என் கணவர் போன்றவர்களின் சம்பளத்தில் அது தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளரை ஹார்டிங் என்று வைத்துக்கொள்வோம். உயரமான, மெலிந்த மனிதர். சாம்பல் நிற சூட் ஒன்றையே வாரம் முழுக்கப் போடுவார். மேல் பையில் இரண்டு முனையும் சீவிய பென்சில் இருக்கும். நாங்கள் கொண்டுவரும் படிவங்களை உட்கார்ந்து வாசிக்க மாட்டார். யன்னல் அருகே நின்று, வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாக விரலை வைத்து இறங்குவார். சந்தேகம் வந்தால் எறும்பளவில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அந்தக் கேள்விக்குறியோடு திரும்பக் கடைக்குப் போக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். கடும் மழை. ஒரு பால்கடையில் பட்டர் விலையை நான் உள்ளே போகாமலே எழுதிவிட்டேன். கடைக் கண்ணாடியில் எழுதியிருந்ததை ட்ராமில் இருந்தே பார்த்தேன். படிவத்தைக் கொடுத்தபோது ஹார்டிங் விரலைப் பட்டரில் நிறுத்தினார்.

"மிஸிஸ் சிவா, இந்த விலையைப் பார்க்கும்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?"

நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டிருந்தால் ஆம் என்றிருப்பேன். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ட்ராமில்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. கதவருகே தொங்கிய தன் குடையை எடுத்து என் கையில் தந்தார். போய்ப் பார்த்தால் கண்ணாடியில் இருந்தது முந்தின வாரத்து விலை. கடைக்காரன் மாற்ற மறந்திருந்தான். உள்ளே இரண்டு சதம் கூடுதல்.

பிஸ்கற் கதையும் அந்த ஆண்டில்தான். அவுன்ஸிலிருந்து கிராமுக்கு மாறிய நேரம் அது. பெட்டி அதே பெட்டி, படம் அதே படம், விலையும் அதே விலை. மாற்றமில்லை என்று எழுதப் போனவள், பெட்டியைக் கையில் எடுத்தபோது ஏதோ இலேசாக இருப்பதுபோலத் தோன்றி, கடைக்காரரின் தராசில் வைத்தேன். எட்டு அவுன்ஸ், அதாவது இருநூற்று இருபத்தேழு கிராம் இருந்த இடத்தில் இருநூறு கிராம். எட்டில் ஒரு பங்கு பிஸ்கற்றைக் காணவில்லை. அன்று ஹார்டிங் என் படிவத்தை இரண்டு தடவை வாசித்தார். கேள்விக்குறி போடவில்லை. அதுதான் அவரிடம் கிடைக்கக்கூடிய பாராட்டு.

இரண்டு ஆண்டுகள் கழித்து எனக்கு வாடகைப் பட்டியலையும் தந்தார்கள். வாடகை விபரத்தை வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. வீடுகளைப் பராமரிக்கும் ஏஜென்டிடம் போனால் அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார், எழுதிக்கொண்டு வர வேண்டும். என் பட்டியலில் இருந்த ஓர் ஏஜென்டின் பெயரைப் பார்த்ததும் திக்கென்றது. நாங்கள் இருந்த பிளாட்டும் அவனுடைய பொறுப்பில்தான் இருந்தது. அவனை டாசன் என்று வைத்துக்கொள்வோம்.

சொந்த வீட்டோடு தொடர்பு உள்ளவர்களிடம் நாங்கள் விலை கேட்கப் போகக்கூடாது. உடனே ஹார்டிங்கிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அந்த மாதம்தான் ரயர் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். சிவபாதம் வேலையில்லாமல் வீட்டில் பரீட்சைப் புத்தகங்களோடு இருந்தார். வாடகைப் பட்டியலுக்கென்று கொஞ்சம் கூடுதல் சம்பளம் தந்தார்கள். டாசன் என்னைக் கண்டதில்லை, வெள்ளிக்கிழமைகளில் அவனுடைய ஆள்தான் வந்து வாடகை வாங்கிப் போவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

டாசன் பருத்த, சிரித்த முகத்துக்காரன். தேநீர் வேண்டுமா என்று கேட்டான். பட்டியலில் இருந்த பிளாட்டுகள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தன. எங்கள் கட்டிடத்தைப் போலவே மஞ்சள் செங்கல்லில், ஒரே அச்சில் வார்த்தவை. அவன் பதிவேட்டைத் திறந்து வாசிக்க வாசிக்க எழுதினேன்.

"வாரம் இருபத்து நான்கு டொலர். எல்லாம் ஒன்றுதான்."

"தளபாடங்களோடா?"

"தளபாடம் எதுவும் இல்லை. வெறும் பிளாட். அப்படியே எழுதுங்கள்."

எழுதினேன். நம்பவில்லை. ஏனென்றால் எங்கள் பிளாட்டுக்கும் பற்றுச்சீட்டில் இருபத்து நான்குதான். ஆனால் நாங்கள் கொடுத்தது இருபத்தெட்டு. பிளாட் எடுக்கும்போது சமைக்கும் குசினியில் ஒரு மேசை கிடந்தது. ஒரு கால் ஆடும், மேலே சூடு பட்ட வட்டங்கள். "தளபாட வாடகை வாரம் நாலு டொலர், கையில் தரவேண்டும், அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை" என்று டாசனின் ஆள் சொன்னான். ஊருக்குப் புதிது. இங்கே முறை இதுதானாக்கும் என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கட்டிடத்தில் கிரேக்கர், துருக்கியர், நாங்கள். எல்லார் குசினியிலும் ஒரு மேசை.

எட்டு நாள் அந்தப் படிவம் என் பையிலேயே கிடந்தது. கொடுத்தால் பொய்யைக் கொடுக்கிறேன் என்று தோன்றியது. கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். காலாண்டு முடிய நான்கு நாள் இருந்தபோது ஹார்டிங்கின் மேசையில் அதை வைத்தேன்.

"இந்தத் தொகை சரியில்லை என்று நினைக்கிறேன். தளபாடம் என்ற பெயரில் இன்னும் நாலு டொலர் வாங்குகிறார்கள்."

அவர் யன்னலருகே போய்ப் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை அறிந்தபோது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்?"

"என் குசினியில்" என்றேன்.

அவர் படிவத்தை மேசையில் வைத்தார். "எத்தனை நாளாகத் தெரியும், இவர்தான் உங்கள் ஏஜென்ட் என்று?"

"பட்டியல் தந்த நாளிலிருந்து."

"பயிற்சியில் இரண்டாம் நாள் இதைப்பற்றிச் சொல்லித்தருகிறோம்."

"தெரியும்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "உங்கள் குசினி நமது பட்டியலில் இல்லை. ஆகவே அங்கே நீங்கள் கண்டது நமக்கு இல்லாத ஒன்று" என்றார். பிறகு பென்சிலால் மேசையை மெல்லத் தட்டியபடி, "அந்த மேசையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை."

"அதைத்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த பிளாட்டில் இருக்க முடியுமென்றால், அது மேசையின் கட்டணம். முடியாதென்றால், மேசை என்ற ஒன்றே இல்லை. அது வாடகை." எழுந்து கோட்டைப் போட்டார். "பட்டியலில் உள்ள வீடுகளுக்கு நேரே போகலாம். சந்தேகம் இருந்தால் குடியிருப்பவரிடம் கேட்க விதி இடம் தருகிறது. இன்றிலிருந்து இது உங்கள் பட்டியல் இல்லை, என்னுடையது. எனக்கு மொழி தெரியாத வீட்டில் நீங்கள் பேசலாம். எழுதுவது நான்."

முதல் வீடுகளில் கதவு முழுதாகத் திறக்கப்படவில்லை. சூட் போட்ட ஒரு வெள்ளைக்காரனையும் சேலை கட்டி மேலே கோட் போட்ட என்னையும் கண்டு, "ஓகே, எல்லாம் ஓகே" என்று சொல்லிச் சாத்தினார்கள். மாடியில் ஒரு கதவைத் தட்டியபோது முப்பது வயதிருக்கும் ஒரு பெண் திறந்தாள். கழுத்தில் சிறிய சிலுவை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா, நீங்க தமிழா? உள்ள வாங்க, உள்ள வாங்க!" பின்னால் நின்ற ஹார்டிங்கைக் கண்டதும் மலர்ந்த முகம் அப்படியே இறுகியது. "இவரு யாரு? இமிகிரேஷனா?"

அவளை ரூத் என்று அழைப்போம். மலேசியத் தமிழ்ப் பெண். கணவர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்து குடும்பத்தைப் பார்த்தாள். குசினியில் மேசை இருந்தது. ஒரு காலின் கீழ் பத்திரிகைத் தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். ஹார்டிங் என்னிடம் ஒன்றும் கேட்காமல் முழங்காலில் குனிந்து அந்த மேசையின் அடியைப் பார்த்தார். சூட்டில் தூசி ஒட்டியது. ரூத் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"இந்த மேசைக்குத் தனியாக் காசு குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

அவள் ஹார்டிங்கையே பார்த்தாள்.

"ரூத், நாங்கள் விலைவாசி எழுதுற ஆக்கள். நீங்கள் சொல்லுறது எங்களைத் தாண்டிப் போகாது. ஏஜென்டுக்குப் போகாது. இமிகிரேஷனுக்குப் போகாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க அக்கா. பயமா இருக்கு லா. எங்க வீட்டுக்காரரு விசா புதுப்பிக்கணும். வீட்டை விட்டுத் துரத்திட்டான்னா எங்க போவோம்?"

நான் சத்தியக் கடதாசியில் இருந்த வாசகங்களைத் தமிழில் சொன்னேன். தண்டத்தையும் சிறையையும் சொன்னேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டன்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். "வாரத்துக்கு நாலு டொலர். வேணாம்னுதான் சொன்னோம் அக்கா. என் தம்பி ஒரு நல்ல மேசை குடுத்தான், உங்க மேசையை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னோம். மேசை வெளிய போனா நீங்களும் வெளிய போகணும்னு சொல்லிட்டான். தம்பி குடுத்தத வித்துட்டோம்."

ஹார்டிங்குக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு சொல் விடாமல் எழுதி, எழுதியதை ரூத்துக்கு ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். "இது சரியா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிய பிறகுதான் படிவத்தை மடித்தார். படியிறங்கும்போது கீழே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கட்டிடக் காவலாள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு நாளும் மற்ற வீடுகளுக்குப் போனோம். சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. பேசியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பிளாட்டுக்கு வாடகை வாங்க டாசனே வந்தான். சிவபாதம் கதவைத் திறந்தார். டாசன் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தான். அதே சிரித்த முகம்.

"அட, விலை எழுதும் அம்மா! எங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்களா? போன வாரம் அடுத்த தெருவில் கதவு கதவாகத் தட்டினீர்களாமே. யார் என்ன சொன்னார்கள்?"

"அதைப்பற்றி என்னால் பேச முடியாது."

"போனீர்களா இல்லையா, அதையாவது சொல்லலாமே?"

"அதையும் சொல்ல முடியாது."

"நாலு பேரின் பெயர் போதும். இல்லாவிட்டால் மூன்று."

ரூத் சுவரோடு நின்ற விதம் கண்ணுக்குள் வந்தது. வாய் திறக்கவில்லை. சிவபாதம் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாசன் காசை எண்ணி வாங்கிக்கொண்டு, அவரிடம் திரும்பினான். "பிளாட்டைப் பழுதுபார்க்கப் போகிறோம். பதினாலு நாள் தருகிறேன்" என்றான். சிவபாதம் அவன் பின்னாலேயே படி வரைக்கும் போனார். ஊரில் காணிச் சண்டைக்காரர்களை அதட்டி விலக்கிய மனிதர், "சேர், பிளீஸ்" என்று சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது.

திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"நீர் அவனோட என்ன கதைச்சனீர்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

"அப்ப ஏன் அவன் உம்மைப் பாத்துக் கேக்கிறான்? அடுத்த தெருவில என்ன நடந்தது?"

"என்னால சொல்லேலாதப்பா."

"எனக்கோ? எனக்குச் சொல்லேலாதோ?"

"உங்களுக்கும்தான்."

"வேலை இல்லாமல் இருக்கிறன். பதினாலு நாளில எங்கை போறது? ஏனெண்டு கேக்கிற உரிமைகூட எனக்கு இல்லையோ?"

நான் அழுதேன். ஆனால் சொல்லவில்லை. அவர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனார். அதன் பிறகு பல நாள் எங்களுக்குள் தேவையான பேச்சு மட்டும்தான். சோறு ஆறுது. ஓம். கடிதம் வந்திருக்கு. ஓம். கலியாணம் செய்து ஆறு வருடத்தில் அவர் என்னோடு அப்படி இருந்ததில்லை. சொன்னால் என்ன, அவர் யாருக்குச் சொல்லப்போகிறார் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை நினைப்பேன். உடனே மற்ற நினைப்பு வரும். அவர் கோபக்காரர், டாசனின் அலுவலகத்துக்கே போய் நியாயம் கேட்பார். கேட்டால் நான் அந்த வீடுகளுக்குப் போனது உறுதியாகிவிடும்.

ஹார்டிங்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நீங்களாவது என் கணவரிடம் சொல்லலாமா?"

"உங்களுக்கு உள்ள சட்டம்தான் எனக்கும்" என்றார். அவருடைய முகம் வாடியிருந்தது. "நீங்கள் அவனுக்குப் பதில் சொல்லாதது சரி" என்று மட்டும் சேர்த்தார்.

மேற்கே, ரயில் பாதை ஓரமாக, பலகையால் கட்டிய ஒரு பழைய வீடு கிடைத்தது. வாடகை கூடுதல், நகரத்துக்கு வர ஒரு மணி நேரம். சாமான் ஏற்ற வாகனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை காலை, வாசலில் ஒரு காரும் பின்னால் கட்டிய திறந்த வண்டியும் வந்து நின்றன. ஹார்டிங் இறங்கினார். சாம்பல் சூட் இல்லை, முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை. நான் அவரைக் கூப்பிடவே இல்லை. அவரும் சிவபாதமும் கட்டிலைப் படியில் இறக்கினார்கள். பாதி வழியில் சிவபாதம் நின்று, ஆங்கிலத்தில் கேட்டார்:

"மிஸ்டர் ஹார்டிங், இது என் மனைவியின் வேலையால் வந்ததா?"

"மிஸ்டர் சிவா, உங்கள் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சுவரில் இடிக்கிறது."

சிவபாதம் உயர்த்தினார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் அன்று பின்னேரம் வரை சாமான் தூக்கினார்கள். நான் வைத்த கோழிக்கறியை ஹார்டிங் கண்ணில் தண்ணீர் வர வர முழுதாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

காலாண்டு எண் வெளிவந்த நாளில் நான் ஆவலோடு போய் அவரிடம் கேட்டேன், அந்த நாலு டொலர் ஏறியதா என்று. அவர் என்னை உட்காரச் சொன்னார். "தொகையைத் திருத்தியாயிற்று. ஆனால் அதை இந்தக் காலாண்டின் ஏற்றமாகக் காட்ட முடியாது. அவன் அதைப் பல வருடமாக வாங்குகிறான். நாம்தான் இப்போது கண்டோம். நாம் கண்டதற்காக விலை ஏறியதாகாது" என்றார்.

"அப்படியென்றால் ஒன்றுமே மாறவில்லையா? நாங்கள் வீட்டை விட்டுப் போனோம், அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு சொன்னாள், எல்லாம் எதற்கு?"

"அடுத்த முறை அவன் கூட்டும்போது நாம் பார்த்துக்கொண்டிருப்போம்."

நான் கோபத்தோடு எழுந்து வந்துவிட்டேன். அது நியாயம் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல காலம் எடுத்தது. இரண்டு காலாண்டு கழித்து அவர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து ஒரு படிவத்தை வைத்தார். இருபத்து நான்கு அப்படியே இருந்தது. மேசைக்கு மட்டும் நாலு டொலர் ஆறாகியிருந்தது. அந்த இரண்டு டொலர், ஏற்றம் என்ற கட்டத்தில் அவருடைய சின்ன எழுத்தில் இருந்தது. அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. டாசனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வைப்பது எங்கள் வேலையும் இல்லை.

அடுத்த தைப்பொங்கலுக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து எல்லாத் தமிழ்க் குடும்பங்களுமாகச் சமைத்தோம். மண்டபம் நிறைய முப்பது, நாற்பது பேர். சிவபாதம் ஒரு பரீட்சை பாஸ் பண்ணி, நகரசபை ஒன்றில் வரைபட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு பழையபடி வந்துவிட்டிருந்தது. ஆனால் அந்தப் பதினாலு நாளைப்பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை.

சாப்பாட்டு வரிசையில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். ரூத். நான் அவளைத் தெரியாதவள்போலச் சிரித்தேன். அப்படித்தான் செய்ய வேண்டும். அவளுக்குப் புரியவில்லை.

"என்னக்கா, மறந்துட்டீங்களா? எங்க வீட்டுக்கு வந்தீங்களே, அந்த உயரமான வெள்ளைக்காரரோட! மேசைக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்த்தாரே!" பக்கத்தில் தட்டோடு நின்ற சிவபாதத்தைப் பார்த்து, "இவங்க உங்க வீட்டுக்காரரா? அண்ணே, இவங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எங்க ஏஜென்ட் வீடு வீடா வந்து யாரு பேசினதுன்னு மிரட்டினான். எங்க பேரு அவனுக்குத் தெரியவே தெரியாது. இப்ப எங்க வீட்டுக்காரரு படிச்சு முடிச்சிட்டாரு, வேற வீட்டுக்குப் போயிட்டோம். அக்கா மட்டும் அன்னைக்கு வாயத் திறந்திருந்தாங்கன்னா நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டம் கட்டிப்போட்டது எங்களைத்தான். சொன்னவள் தன் கதையை யாருக்கும் சொல்லலாம். சிவபாதம், "அப்படியோ பிள்ளை, நல்லது" என்று சொன்னார்.

வீடு திரும்பும் ரயிலில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். பல ஸ்ரேஷன் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கோ அவன் எங்களை வீட்டை விட்டு எழுப்பினவன்?"

நான் பதில் சொல்லவில்லை.

"நான் உம்மை எவ்வளவு ஏசினனான்."

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெல்லக் குனிந்து கேட்டார்:

"எத்தினை வீட்டுக்குப் போனனீர்?"

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியில் அவர் முகமும் சிரித்தது தெரிந்தது.

"சரி, சரி" என்றார். "சொல்லாதையும்."